19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு நாள்: அடுப்படியிலிருந்து பார்த்தால்

கேள்வி இது: பழைய ஆங்கில நாவல்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வருவது போலத்தான் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மக்கள் வாழ்ந்தார்களா? விருந்து, நடனம், கடிதம், தேநீர் என்றே பொழுது போனதா? சாதாரண வீட்டில் ஒரு நாள் எப்படி நடந்தது, கல்யாணம், சாவு வழக்கங்கள் எப்படி இருந்தன?

அந்தக் காட்சிகள் பொய்யில்லை. அப்படி வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. ஆனால் ஒரு வீட்டில் நாலு பேர் கசங்காத உடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டுமென்றால், அதே வீட்டில் ஒரு பெண் விடியற்காலையிலிருந்து தண்ணீரும் கரியும் சுமந்தாக வேண்டும். அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் மாடி அறைகளில் குழாய் கிடையாது. வெந்நீர் வேண்டுமென்றால் அடுப்படியில் காய்ச்சி மேலே தூக்கிப் போக வேண்டும், அழுக்குத் தண்ணீரைக் கீழே கொண்டுவந்து கொட்ட வேண்டும். குளிர்காலத்தில் ஒவ்வோர் அறைக்கும் தனிக் கணப்பு, ஒவ்வொரு கணப்புக்கும் நிலக்கரி, எரிந்த பிறகு சாம்பல். வரவேற்பறையில் நடந்த அத்தனை நாசூக்கும் இந்தச் சுமையின் மேல்தான் நின்றது. அதனால் அந்தக் காலத்தை வேலைக்காரப் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால்தான் சரியாகப் புரியும் என்பது என் கருத்து.

இது ஏதோ சில பெரிய மாளிகைகளின் கதை என்று நினைக்க வேண்டாம். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரிட்டனில் வீட்டு வேலை செய்தவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். விவசாயத்துக்கு அடுத்த பெரிய தொழில் அதுதான். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவே முதல் தொழில். சமையல்காரர், பட்லர், தாதி என்று ஒரு பட்டாளமே இருந்த வீடுகளைத்தான் தொடர்களில் காட்டுவார்கள். நிஜத்தில் மிகப் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு பெண். சமையல், துப்புரவு, குழந்தை, கதவு திறப்பது, கடைக்குப் போவது எல்லாம் அவளேதான். இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட குடும்ப நிர்வாக நூலில் சம்பளப் பட்டியல் இருக்கிறது. இப்படி ஒற்றை ஆளாக எல்லாம் பார்க்கும் பெண்ணுக்கு வருஷத்துக்கு 9 முதல் 14 பவுண்டு. வருஷம் 150, 200 பவுண்டு வருமானமுள்ள குடும்பம் அப்படி ஒருத்தியை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. வேலைக்காரர்களிலேயே இரக்கத்துக்குரியவள் இவள்தான் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

இந்தப் பெண்களில் ஒருத்தி நாட்குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனது நம் அதிர்ஷ்டம். ஹன்னா கல்விக், 1833இல் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். எட்டு வயதிலேயே வேலைக்குப் போனவர். ஆர்தர் மன்பி என்ற வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதால் அன்றாடம் செய்ததை எழுதி வந்தார். பின்னால், 1873இல், இருவரும் யாருக்கும் தெரியாமல் கல்யாணமும் செய்துகொண்டார்கள். அது தனிக் கதை. 1860 ஜூலை 14ஆம் தேதிக் குறிப்பைப் பார்ப்போம். ஜன்னல் கதவுகளைத் திறந்து அடுப்பு மூட்டுகிறார். புகைக்கரியைக் கொட்டிவிட்டு வந்து அறைகளையும் ஹாலையும் பெருக்கித் துடைக்கிறார். காலை உணவு மேலே போகிறது. இரண்டு ஜோடி பூட்ஸ். படுக்கைகளைச் சரிசெய்து இரவுச் சட்டிகளைக் கொட்டுகிறார். பாத்திரம், வெள்ளிச் சாமான், கத்திகள், அப்புறம் மத்தியானச் சாப்பாடு. ஒரு வீட்டுக்கு இரண்டு கோழி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். இரண்டு வாத்துகளை இறகு பிடுங்கிச் சுத்தம் செய்து வாட்டுகிறார். வாசல் படிகளையும் தெருவோரக் கல்தளத்தையும் முட்டி போட்டுத் தேய்க்கிறார். சாமான் அறைத் தரை முட்டி போட்டு. கழிப்பறையும் நடையும் முட்டி போட்டு. நாயைக் குளிப்பாட்டுகிறார். ராத்திரிச் சாப்பாட்டைத் தயார் செய்துவிட்டு, தான் அழுக்காகவும் களைப்பாகவும் இருப்பதால் மேலே எடுத்துப் போக இன்னொரு பெண்ணை விடுகிறார்.

கத்தி துடைப்பது ஏன் தனி வேலையாக வருகிறது என்று தோன்றலாம். துருப்பிடிக்காத எஃகு அன்றைக்குக் கிடையாது. எலுமிச்சையோ வினிகரோ பட்டாலே கத்தி கறுத்துவிடும். சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு கத்தியையும் செங்கல் பொடி தூவிய பலகையில் தேய்த்தெடுக்க வேண்டும். அதே மாதிரி இரும்புக் கணப்புச் சட்டத்துக்குக் கறுப்பு மெருகு போட வேண்டும். அது கிராஃபைட் பசை. தினமும் சாம்பலை வாரி, பசை தடவி, பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்ப்பார்கள். அந்தக் கறுப்பு நகக்கண்ணை விட்டுப் போகாது. விருந்தாளி வந்து கதவைத் தட்டும்போது அதே கை வெள்ளை ஏப்ரனோடும் தொப்பியோடும் போய்த் திறக்க வேண்டும். காலையில் சீட்டித் துணி கவுன், பிற்பகலில் கறுப்பு கவுன் என்று இரண்டு உடுப்பு வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். பல வீடுகளில் அந்த உடுப்பையும் அவள் சம்பளத்திலிருந்தே தைத்துக்கொள்ள வேண்டும்.

படுக்கை மாடிக்கு மேலே, கூரைக்கு அடியில், கணப்பு இல்லாத அறையில். சில வீடுகளில் அடுப்படியிலேயே. விடுப்பு என்பது ஞாயிற்றுக்கிழமை அரை நாளும் வாரத்தில் ஒரு மாலையும் கிடைத்தால் நல்ல வீடு. பார்க்க ஆண்கள் யாரும் வரக்கூடாது என்பது பொது விதி. வேலையை விட்டுப் போனால் பழைய எஜமானியிடம் நன்னடத்தைக் கடிதம் வாங்க வேண்டும். அது இல்லாமல் அடுத்த வேலை கிடைக்காது. ஆனால் அந்தக் கடிதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எஜமானரைக் கட்டாயப்படுத்தவில்லை. என்னைக் கேட்டால், அடி உதையைவிட இந்த ஒரு காகிதம்தான் அவளை வாயடைத்து வைத்திருந்தது.

ஆண் வேலைக்காரர் விஷயம் வேறு. அவர்களுக்கு எஜமானர் அரசுக்கு ஆண்டு வரி கட்ட வேண்டும். அந்த வரி 1937 வரை இருந்தது. அதனால் உயரமான, சீருடை போட்ட ஆண் ஒருவன் கதவு திறந்தான் என்றால், இந்த வீட்டுக்காரருக்கு வசதி இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும்.

திங்கட்கிழமை சலவை நாள். சனிக்கிழமையே அழுக்குத் துணியைப் பிரித்து ஊறப்போடத் தொடங்கிவிடுவார்கள். திங்கள் விடியுமுன் செப்பு அண்டாவுக்கு அடியில் நெருப்பு. வெள்ளைத் துணியைக் கொதிக்க வைத்து, மரக் கம்பால் குத்தி, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டுப் பிழிவார்கள். நாம் வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே வேலைதான். மழை பெய்தால் ஈரத் துணி முழுக்க அடுப்படிக்குள் தொங்கும். செவ்வாயும் புதனும் இஸ்திரி. இரும்புப் பெட்டிகளை அடுப்பில் மாற்றி மாற்றிச் சூடாக்குவார்கள். சலவை நாளில் சமைக்க ஆளும் இல்லை, அடுப்பும் இல்லை என்பதால் திங்கள் மத்தியானம் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இறைச்சியை ஆறினபடியே சாப்பிடுவார்கள். ஞாயிறன்று பெரிய துண்டாக இறைச்சி வாட்டும் வழக்கம் நீடித்ததற்கு இந்தச் சலவையும் ஒரு காரணம். வசதியுள்ளவர்கள் சலவைக்காரியைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். ஏழை விதவைகளுக்குப் பிழைப்பு பெரும்பாலும் அதுதான். சோப்புக்கு 1853 வரை வரி இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கே வரி இருந்த நாடு அது: ஜன்னல்களை எண்ணிப் போட்ட வரி 1851இல்தான் போனது.

இனி மாடிக்குப் போவோம். மாலை மூன்று மணிக்கு மேல் நடுத்தர, மேல்தட்டுப் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவார்கள். பெயர் அச்சடித்த சீட்டை வேலைக்காரியிடம் கொடுத்தனுப்ப வேண்டும். உள்ளே அழைத்தால் கால்மணி நேரம் உட்காரலாம், அதற்கு மேல் உட்காருவது அழகில்லை. தெருவில் ஒரு பெண்ணைப் பார்த்தால் ஆண் முதலில் தொப்பியைத் தூக்கக்கூடாது. அவள் தலையசைத்து அடையாளம் காட்டிய பிறகுதான் தூக்கலாம். யாரோடு பழகுவது என்பதை அவள் முடிவு செய்யட்டும் என்பது இதற்குப் பின்னால் இருந்த எண்ணம். ராத்திரி விருந்து நேரமும் நூற்றாண்டு போகப் போகத் தள்ளிப்போனது. தொடக்கத்தில் பிற்பகல் முடியும் நேரத்தில் சாப்பிட்டவர்கள் கடைசியில் ஏழரை, எட்டு மணிக்குச் சாப்பிட்டார்கள். நடுவில் பசித்த வயிற்றுக்குத்தான் 1840 வாக்கில் மாலைத் தேநீரும் கேக்கும் வழக்கமாயின. பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா தொடங்கியது என்பார்கள்.

அந்தத் தேநீரில் நம் ஆட்களின் உழைப்பும் இருக்கிறது. முதலில் இங்கிலாந்து குடித்தது சீனத் தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் இலை நோய் வந்து அங்கே காப்பி அழிய ஆரம்பித்ததும் மலைநாடு முழுக்கத் தேயிலைக்கு மாறியது. தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தமிழர்கள்தான் அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள். விக்டோரியா ராணி கண்மூடும் காலத்தில் லண்டன் அடுப்படியில் கொதித்த கெட்டிலுக்குள் அவர்கள் பறித்த இலையும் விழுந்தது. வரவேற்பறையைவிட ஏழை வீட்டில்தான் தேநீர் அவசியமாக இருந்தது. சூடான சாப்பாடு இல்லாத வேளையில் ரொட்டியும் சர்க்கரை போட்ட தேநீருமே ஒரு வேளை உணவு.

ஏழை வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். 1850 வாக்கில் விவசாயக் கூலிக்கு வாரம் சுமார் 10 ஷில்லிங். ஒரு ஷில்லிங் என்பது 12 பென்னி, 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. நாலு பவுண்டு எடையுள்ள ரொட்டி அப்போது 7 பென்னி அளவில் விற்றது. நாளுக்கு ஒரு ரொட்டி என்று வைத்துக்கொண்டாலே வாரத்துக்கு 4 ஷில்லிங் போய்விடும். தானிய இறக்குமதிக்கு வரி போட்ட சட்டம் 1846இல் நீங்கிய பிறகு இருந்த விலை இது. மிச்சத்தில் வாடகை, கரி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் பன்றிக்கொழுப்பு. இறைச்சி வந்தால் அது உழைக்கும் ஆணுக்கு. தாயும் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் இறைச்சி வாட்டத் தோதான அடுப்பு இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தட்டோடு ரொட்டிக் கடைக்காரரின் அடுப்புக்கு எடுத்துப் போய், கொஞ்சம் காசு கொடுத்து வேகவைத்து வாங்கி வருவார்கள். நல்ல கோட்டு திங்கட்கிழமை அடகுக்கடைக்குப் போகும், சனிக்கிழமை கூலி வந்ததும் மீளும், ஞாயிறு உடுத்திக்கொண்டு மறுபடி திங்கள் போகும்.

வாங்கும் பொருளாவது சுத்தமா என்றால் அதுவும் இல்லை. ரொட்டியை வெள்ளையாக்கப் படிகாரம், பாலில் தண்ணீர், மிட்டாயில் சாயம். 1858 அக்டோபர் கடைசியில் பிராட்ஃபோர்ட் சந்தையில் புதினா மிட்டாய் வாங்கித் தின்றவர்களில் இருபது பேர் அளவில் இறந்தார்கள், இருநூறு பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். நடந்தது இதுதான்: சர்க்கரை விலை அதிகம் என்பதால் மிட்டாயில் வெள்ளைச் சுண்ணப் பொடி கலப்பது வழக்கம். அந்தப் பொடியை வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடை உதவியாள் தவறுதலாகப் பக்கத்துப் பீப்பாயிலிருந்த ஆர்சனிக்கை அள்ளிக் கொடுத்துவிட்டான். கலப்படம் செய்ததே குற்றம் என்று தண்டிக்க அப்போது உருப்படியான சட்டம் இல்லை. கலப்படத்துக்கு எதிரான முதல் பொதுச் சட்டம் 1860இல் வந்தது, பல் முளைத்த சட்டம் 1875இல். நஞ்சு விற்பனைக்குப் பொதுவான கட்டுப்பாடு 1868இல் வந்தது. அந்தக் காலத்தில் அழும் குழந்தைக்கு அபினி கலந்த கஷாயம் கொடுத்துத் தூங்க வைப்பது சர்வசாதாரணம். பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என்ன வரும் என்பதை எட்வின் சாட்விக் 1842இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் காணலாம். மான்செஸ்டரில் இறந்தவர்களின் சராசரி வயது: கனவான்கள், தொழில்முறையாளர்கள் குடும்பங்களில் 38, வியாபாரிகள் குடும்பங்களில் 20, கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 17. கிராமப்புறமான ரட்லண்டில் கூலிக் குடும்பத்துக்கே 38. குழந்தைச் சாவுகள் சேர்ந்ததால்தான் எண் இவ்வளவு இறங்குகிறது, எல்லாரும் 17 வயதில் செத்தார்கள் என்று பொருளில்லை. ஆனாலும் நகரத்துக் கனவானும் கிராமத்துக் கூலியும் ஒரே வயதில் நிற்கிறார்கள் பாருங்கள். சாக்கடையும் நெரிசலும் செய்த வேலை அது.

கல்யாணத்துக்கு வருவோம். இளம் வயதிலேயே கட்டிக்கொடுத்திருப்பார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கிலாந்தில் அப்படி இல்லை. பெண்களுக்குச் சராசரியாக 25 வயதை ஒட்டி, ஆண்களுக்கு இன்னும் ஓரிரு வயது கூட. தனிக்குடித்தனம் வைக்கப் பணம் சேர்ந்த பிறகே கல்யாணம் என்பது அங்கே பழைய பழக்கம். பல பெண்கள் வீட்டு வேலைக்குப் போனதே அந்தப் பணத்தைச் சேர்க்கத்தான். கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஓடினால் பெண் வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கலாம். மாதா கோவிலில் மூன்று ஞாயிறு அறிவித்த பிறகு திருமணம். 1886 வரை மத்தியானம் 12 மணிக்குள் முடித்தாக வேண்டும் என்பது சட்டம், அதனால் கல்யாண விருந்தும் காலை விருந்தாகவே இருந்தது. வெள்ளை கவுன் 1840இல் விக்டோரியா உடுத்திய பிறகு பணக்காரர்களிடம் பரவியது. மற்றவர்கள் இருப்பதில் நல்லதை, எந்த நிறமானாலும், உடுத்திக்கொண்டு போனார்கள். ஒரே நாளுக்கென்று ஒரு துணி தைக்க யாரால் முடியும்?

யார் யாரைக் கட்டலாம் என்பதில் தமிழர்களுக்கு வியப்பான விஷயம் ஒன்று உண்டு. விக்டோரியா ராணி கட்டியது சொந்தத் தாய்மாமன் மகனை. ஆல்பர்ட்டின் அப்பாவும் ராணியின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். சார்லஸ் டார்வின் 1839இல் கட்டிய எம்மா வெட்ஜ்வுட்டும் அவருக்கு மாமன் மகள். சித்தப்பா மகள், பெரியம்மா மகள் என்றாலும் அங்கே தடையில்லை. நமக்கு அண்ணன் தங்கை முறை ஆகிற உறவு அவர்களுக்குக் கட்டக்கூடிய உறவு. டார்வினின் மகன் ஜார்ஜ் 1875இல் கணக்கெடுத்துப் பார்த்தபோது மேல்குடியில் நூற்றுக்கு நாலைந்து கல்யாணம் இப்படி, மற்றவர்களிடம் அதைவிடக் குறைவு என்று தெரிந்தது. ஆனால் அக்கா மகளைக் கட்ட முடியாது. அதைவிடக் கடுமை: மனைவி இறந்த பிறகு அவள் தங்கையைக் கட்டுவது சட்டப்படி செல்லாது. 1835இல் வந்த இந்தச் சட்டம் 1907 வரை நீடித்தது. கணவனும் மனைவியும் ஒரே உடல் ஆகிவிட்டதால் மனைவியின் தங்கை இவனுக்கும் தங்கை என்பது மதத்தின் வாதம். தாயில்லாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மச்சினிதான் வீட்டுக்கு வருவாள், மனமும் ஒத்துப்போகும், சட்டம் குறுக்கே நிற்கும். ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட் 1875இல் மறைந்த மனைவியின் தங்கையைச் சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போய்க் கட்டிக்கொண்டார். காசில்லாதவர்கள் எங்கே போவார்கள்?

கல்யாணம் ஆன பெண்ணின் நிலை சட்டத்தில் மிக மோசம். அவள் கொண்டுவந்ததும் சம்பாதிப்பதும் கணவனுடையது. தன் கூலி தனக்கே என்ற உரிமை 1870இல் வந்தது, சொத்து முழுக்கத் தன் பெயரில் வைத்திருக்கும் உரிமை 1882இல். எழுத்தாளர் கரோலின் நார்டன் 1836இல் கணவரைவிட்டுப் பிரிந்தபோது மூன்று மகன்களையும் கணவர் எடுத்துக்கொண்டார், அவர் எழுதிச் சம்பாதித்ததிலும் கணவருக்கே உரிமை. அவர் விடாமல் போராடியதால் 1839இல் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாயிடம் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்தது. 1857க்கு முன் விவாகரத்து வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். அப்படிக் கிடைத்தவற்றில் பெண்கள் கேட்டுப் பெற்றவை நான்கே நான்கு. 1857க்குப் பிறகும் மனைவி தவறினாள் என்றால் கணவனுக்கு அது போதும். கணவன் தவறினால் மட்டும் போதாது, கொடுமை செய்தான், கைவிட்டான் என்று கூடுதலாக ஒன்றை அவள் நிரூபிக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு அந்த நூற்றாண்டு முடியும்வரை மாறவில்லை. அந்தக் காலத்து ஆசாரத்தைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது என்று நினைக்கிறேன்.

சாவுச் சடங்கில்தான் அந்தச் சமூகம் தன் பணத்தையும் பயத்தையும் முழுக்கக் காட்டியது. கணவன் இறந்தால் விதவைக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் துக்க உடை. முதல் ஒரு வருஷமும் ஒரு நாளும் மினுமினுப்பே இல்லாத கறுப்புத் துணி, மேலே சுருக்கம் விழுந்த க்ரேப். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் க்ரேப் குறையும், கடைசியில் சாம்பல், இளம் ஊதா நிறங்கள் வரலாம். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வருஷம், உடன்பிறந்தவர்களுக்கு ஆறு மாதம். க்ரேப் மழையில் நனைந்தால் பாழ், கறுப்புச் சாயம் தோலில் இறங்கும். நகையென்றால் விட்பி ஊர்க் கறுப்பு ஜெட் கல், அல்லது இறந்தவரின் தலைமுடியைப் பின்னி வைத்த லாக்கெட். ஆண்களுக்குப் பெரிய தொல்லை இல்லை, தொப்பியைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை போதும். வேலைக்காரருக்கும் கறுப்பு எடுத்துக் கொடுப்பார்கள். இதற்கென்றே 1841இல் லண்டன் ரீஜென்ட் தெருவில் ஜேய்ஸ் என்ற பெரிய துக்கத்துணிக் கடை திறந்தது. 1861 டிசம்பர் 14 அன்று ஆல்பர்ட் இறந்தார். ராணி 1901இல் தான் சாகும்வரை கறுப்பை விடவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் வழக்கத்தை இறுக்கினார்கள்.

ஏழைக்குச் சாவு என்றால் வேறு பயம். 1832இல் வந்த உடற்கூறியல் சட்டம், உரிமை கோர ஆளில்லாமல் ஏழைகள் விடுதியில் இறந்தவர்களின் உடலை மருத்துவப் பள்ளிக்கு அறுத்துப் பார்க்கக் கொடுக்க அனுமதித்தது. அதுவரை தூக்கிலிடப்பட்ட கொலைகாரனுக்குத் தரப்பட்ட தண்டனை, இப்போது வறுமைக்கு வந்துவிட்டதென்று ஜனங்கள் நினைத்தார்கள். அதனால் பிள்ளைக்குப் பால் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு பென்னி ஈமச் சங்கத்துக்குப் போய்விடும். பணம் சேரும்வரை ஒற்றை அறை வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு, அதே அறையில் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்த குடும்பங்களைப் பற்றி சாட்விக் 1843இல் தனி அறிக்கையே எழுதினார். வீண் ஆடம்பரம் என்று அன்றைக்கே மேலே இருந்தவர்கள் கடிந்துகொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க யாரோ ஒருவர் சொன்னபடி நடந்தவர்கள், கடைசியில் தங்கள் உடம்பையாவது தங்கள் ஆட்கள் புதைக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்த ஏழைகள் விடுதியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1834 சட்டத்துக்குப் பிறகு, உதவி வேண்டுமென்றால் உள்ளே வந்து இரு என்பதுதான் விதி. உள்ளே போனதும் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். சீருடை, அளந்த கஞ்சி. ஆண்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலை கொடுத்தார்கள். பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றார்கள் என்று 1845இல் வெளியே வந்தது. நாடே கொதித்தது, 1847இல் இந்த விடுதிகளை மேற்பார்த்த ஆணையத்தையே கலைத்தார்கள். முப்பது நாற்பது வருஷம் ஒருவர் வீட்டில் உழைத்துக் கை ஓய்ந்த வேலைக்காரிக்குக் குடும்பமோ சேமிப்போ இல்லையென்றால் போக்கிடம் இந்த விடுதிதான். 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் ஓய்வூதியம் 1909 ஜனவரியில்தான் கிடைக்க ஆரம்பித்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த நூற்றாண்டில் எதுவும் மாறவில்லை என்ற எண்ணத்தை உண்டாக்க விரும்பவில்லை. 1840இல் ஒரு பென்னி தபால்தலை வந்தது. அதுவரை கடிதத்தை வாங்குபவர்தான் பணம் கொடுக்க வேண்டும், அதுவும் தூரத்துக்குத் தகுந்தபடி. ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்றானதும் வேலைக்குப் போன பெண் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு எழுத முடிந்தது. 1844 சட்டப்படி ஒவ்வொரு ரயில் பாதையிலும் மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில், மேற்கூரையுள்ள பெட்டியோடு, நாளுக்கு ஒரு வண்டியாவது ஓட வேண்டும். நூல் ஆலைகள் 1850 முதல் சனிக்கிழமை 2 மணிக்கு மூடின, கால்பந்து வளர்ந்தது அந்த அரை நாளில். 1871இல் 'வங்கி விடுமுறை' என்ற பெயரில் பொது விடுமுறை நாட்கள் வந்தன. 1880இல் பத்து வயது வரை பள்ளி கட்டாயம், 1891இல் பெரும்பாலும் இலவசம். எட்டு வயதில் ஹன்னா மாதிரி வேலைக்குப் போவது அதோடு நின்றது.

வேலைக்காரப் பெண் எப்போது மறைந்தாள் என்றால், வேறு வேலை வந்தபோது. கடை, தையல் பட்டறை, டைப்ரைட்டர் அலுவலகம், தொழிற்சாலை. கூலி எல்லா இடத்திலும் அதிகமில்லை. உடம்புக்கு ஆபத்தும் உண்டு. ஆனால் சங்கு ஊதினால் மாலை அவளுடையது, அடுப்படி மணி அடித்துக் கூப்பிடாது. கிழக்கு லண்டன் போ பகுதியில் பிரையன்ட் அண்ட் மே தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் வெள்ளைப் பாஸ்பரஸில் வேலை பார்த்துத் தாடை எலும்பு அழுகும் நோய்க்கு ஆளானவர்கள், சின்னத் தவறுக்கெல்லாம் அபராதம் கட்டியவர்கள். 1888 ஜூனில் ஒரு பெண் பத்திரிகையாளர் அவர்களிடம் பேசி அந்த நிலைமையை அச்சில் கொண்டுவந்தார். ஜூலையில் சுமார் 1,400 பெண்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். இரண்டு வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கி வந்து அபராதங்களை நீக்கியது, அவர்களுக்கென்று தொழிற்சங்கம் உருவானது. அந்தப் பத்திரிகையாளர் அன்னி பெசன்ட். ஐந்து வருஷம் கழித்து இந்தியா வந்து, அடையாறில் வாழ்ந்து, 1933இல் அங்கேயே மறைந்தவர். சென்னையில் பெசன்ட் நகர் அவர் பெயரில்தான் இருக்கிறது.